படிக்காத 43 புத்தகங்களும் ஒரு முன்சீப்பின் கேள்வியும்

(எபிசோடின் ஒலிப்பதிவைச் சற்றே சுருக்கி, திருத்தி எழுத்தாக்கியது.)

"இப்போ என்ன படிக்கிறீங்க, அடுத்து என்ன?"னு இன்பாக்ஸில் கேட்டுக்கிட்டே இருக்கிறவங்களுக்கான எபிசோடு இது. பட்டியலை முதலில் சொல்லிடறேன். அப்புறம் அந்தப் பட்டியல் எப்படி உருவாகுது, அதுக்குள்ள ஒரு புத்தகம் யார் சொல்லி நுழையுதுன்னு பேசலாம். எனக்கு அந்த ரெண்டாவது பகுதிதான் முக்கியம்.

இப்போ கையில் மூணு ஓடுது.

ஒண்ணு, சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதின "நடந்தாய் வாழி, காவேரி". 1971-ல் வந்த பயண நூல். குடகில் தொடங்கி பூம்புகார் வரை காவிரியைத் தொடர்ந்தே போவது. இதை ராத்திரிக்குப் பத்துப் பக்கம்னு வெச்சிருக்கேன். வேகமா படிச்சா தீர்ந்துடும், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் தஞ்சாவூர்க்காரன். ஆற்றில் தண்ணி வருமான்னு ஜூன் 12-க்கு மேட்டூரைப் பார்த்துக்கிட்டு இருக்கிற ஊர்க்காரன். அதே ஆற்றை அதன் தலையிலிருந்து ஒருத்தர் சொல்லிக்கிட்டு வரும்போது, கல்லணைக்கு மேலேயும் இதுக்கு ஒரு வாழ்க்கை இருக்குன்னு மண்டையில் ஏற நேரம் ஆகுது.

ரெண்டாவது, "மோகமுள்" மறுவாசிப்பு. காலேஜில் படிச்சப்போ பாபுவும் யமுனாவும் மட்டும்தான் கண்ணில் பட்டாங்க. இந்தத் தடவை யமுனாவின் அம்மா மராத்திக்காரங்க என்பது பெரிசா தெரியுது. தஞ்சாவூர் மராட்டியக் குடும்பங்கள், அவங்களுக்கும் இந்த ஊருக்குமான உறவு, இதெல்லாம் கதையின் ஓரத்தில் இல்லை, நடுவிலேயே இருக்கு.

மூணாவது, உ.வே. சாமிநாதையரின் "என் சரித்திரம்". 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பிச்சு, 1942 ஏப்ரலில் அவர் காலமானதால் முடியாமலே நின்றுபோன சுயசரிதை. தலகாணி சைஸ். இந்த எபிசோடின் பாதி அதிலிருந்துதான் வரப்போகுது.

இது போக, வாங்கி வெச்சு இன்னும் தொடாதது 43. இந்த எபிசோடுக்காகவே எண்ணிப் பார்த்தேன். கிண்டிலில் இருக்கிற சாம்பிள்களைக் கணக்கில் சேர்க்கலை. அதெல்லாம் எண்ணினா தூக்கம் வராது.

இந்த 43 ஏன் குறைய மாட்டேங்குது? ஜப்பான்காரங்க இதுக்கு ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க, சுண்டோக்கு. வாங்கி வாங்கி அடுக்கிட்டுப் படிக்காம விடுறது. உம்பர்த்தோ எக்கோ வீட்டில் முப்பதாயிரம் புத்தகம் இருந்தது, படிக்காத புத்தகம்தான் மதிப்புள்ளதுன்னு நாசிம் தலேப் எழுதினார். இதை எல்லா யூடியூபரும் சொல்லிட்டாங்க, நான் தாண்டிப் போறேன். எனக்கு அதில் ஒரு சின்னப் பிணக்கும் உண்டு. முப்பதாயிரம் புத்தகத்துக்கு வீட்டில் இடம் இருக்கிற ஆளோட ஆறுதல் அது. ஒன் பி.ஹெச்.கே.-வுக்குப் பொருந்தாது.

தமிழில் படிக்கிறவங்களுக்கு அடுக்கு வளர்றதுக்கு வேற ஒரு காரணம் இருக்கு. இங்கே ஓர் இலக்கியப் புத்தகம் ஒரு பதிப்புக்குச் சில நூறு பிரதிதான் அச்சாகும். தீர்ந்துட்டா அடுத்த பதிப்பு எப்போன்னு பதிப்பாளருக்கே தெரியாது. அதனால் கண்ணில் பட்டவுடன் வாங்கி வைக்கிறது இங்கே பேராசை இல்லை, சாதாரண முன்ஜாக்கிரதை. "பொன்னியின் செல்வ"னுக்கு அந்தக் கவலை கிடையாது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம். ரயில்வே ஸ்டேஷன் கடையிலிருந்து சூப்பர் மார்க்கெட் வரைக்கும் ஐந்து பாகமும் கிடைக்கும். அதே அலமாரியில் இன்னொரு நல்ல டெல்டா நாவலைத் தேடுங்க. ரெண்டு மூணு கடை ஏறி இறங்கணும்.

இன்னொரு காரணம் நம்ம தொழிலோட சம்பந்தப்பட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருஷத்தில் ஸ்டாக், கியூ ரெண்டும் சொல்லிக் கொடுத்தாங்க இல்லையா? ஸ்டாக்னா தட்டு அடுக்குற மாதிரி. கடைசியா வெச்சது முதலில் வெளியே வரும். கியூன்னா ரேஷன் கடை வரிசை. முதலில் வந்தவர் முதலில் போவார். நம்ம புத்தக அடுக்கு நிஜமாவே ஸ்டாக்தான். போன வாரம் வாங்கினது மேலே இருக்கு, ஆசை சூடா இருக்கு, அதைத்தான் எடுப்போம். அடியில் இருக்கிறது 2018-லேயே வாங்கினதா இருந்தாலும் அதுக்கு முறை வரவே வராது. அடியில் இருக்கிற புத்தகம் மோசமானதுன்னு அர்த்தமில்லை. அமைப்பே அப்படி.

எங்க தாத்தா வீட்டில் இதுக்கு ஒரு தீர்வு இருந்தது, பத்தாயம். சிட்டியில் வளர்ந்தவங்களுக்காகச் சொல்றேன்: நெல் சேமிக்கிற பெரிய மரப்பெட்டி. டெல்டாவில் பழைய வீடுகளில் ஒரு அறை உயரத்துக்கு நிக்கும். மேலே பலகையைத் தூக்கி நெல்லைக் கொட்டுவாங்க. எடுக்கிறது கீழே இருக்கிற சின்ன வாய் வழியா. மேலே போட்டது கீழே வரும், அதாவது பழைய நெல் முதலில் சாப்பாட்டுக்கு வரும். அச்சு அசல் கியூ! எந்தப் பாடப்புத்தகமும் இதைவிட நல்ல உதாரணம் கொடுத்ததில்லை. நான் இப்போ அடுக்கைப் படுக்கவெச்சு, முதுகு தெரியிற மாதிரி வரிசையா நிறுத்தி, இடது ஓரத்திலிருந்து எடுக்கிறேன். புதுசு வலது ஓரத்தில் சேரும். ரெண்டு மாசமா ஓரளவு வேலை செய்யுது.

விதைநெல் விஷயமும் உண்டு. அதைப் பத்தாயத்தில் கொட்ட மாட்டாங்க. வைக்கோல் சுற்றி இறுக்கமா கோட்டை கட்டித் தனியா வைப்பாங்க. அதுவும் காலத்துக்கும் இருக்காது, நாள் ஆக ஆக முளைப்புத்திறன் போயிடும். புத்தகத்திலும் அப்படி ஒரு ரகம் இருக்கு. என் வரிசையில் ஒரு ஃபிரேம்வொர்க் புத்தகம் இருந்தது, அந்த வெர்ஷனை இப்போ யாரும் தொடுறதில்லை. அதை எடைக்குப் போட்டாச்சு. துக்கமே வரலை.

இதெல்லாம் வரிசையை எப்படி நிர்வாகம் பண்றதுங்கிற கதை. நம்ம ஆட்களுக்கு பேக்லாக் க்ரூமிங்னா ரொம்பப் பிடிக்கும், அதிலேயே எபிசோடு முடிச்சுடலாம். ஆனா கேட்க வேண்டிய கேள்வி வேற. இந்த வரிசைக்குள்ள ஒரு புத்தகம் எப்படி வருது?

அதைப் பேச தஞ்சாவூர்லேயே ஒரு இடம் இருக்கு. அரண்மனை வளாகத்தில் சரஸ்வதி மகால் நூலகம். பாதி பேர் ஸ்கூல் டூரில் போய் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்ததை எட்டிப் பார்த்துட்டு வந்திருப்பீங்க. நாயக்கர் காலத்தில் அரண்மனை நூலகமா ஆரம்பிச்சது. மராட்டியர் காலத்தில், குறிப்பா 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்தில் பெரிசா வளர்ந்தது. ஓலையும் காகிதமுமா நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள். பெரும்பகுதி சமஸ்கிருதம், தமிழ், மராத்தி, தெலுங்கும் உண்டு. இது போக சரபோஜி சொந்தமா வாங்கின ஐரோப்பிய மொழிப் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில். அவரே கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கார். ஜான்சன் அகராதியின் 1784 பதிப்பு அங்கே இருக்கு. கப்பலில் புத்தகம் வர மாசக்கணக்கில் காத்திருந்த ஒரு வாசகர். அவருக்கும் ஒரு "படிக்க வேண்டியது" அடுக்கு இருந்திருக்கும்னு நினைச்சா எனக்குச் சின்ன சந்தோஷம்.

அந்த நூலகத்தில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, பார்வைக்கு அழகில்லாத பகுதி. மராட்டிய அரசு நிர்வாகத்தின் காகிதக் கட்டுகள், ஆயிரத்துக்கும் மேல். மொழி மராத்தி, எழுத்து மோடி. மோடிங்கிறது மராத்தியை வேகமா எழுத ஒரு காலத்தில் பயன்பட்ட, பேனாவைத் தூக்காம எழுதுற மாதிரியான எழுத்துமுறை. இன்னைக்கு மராத்தி தாய்மொழியா இருக்கிறவங்களிலேயே பெரும்பாலானோருக்கு அதைப் படிக்கத் தெரியாது. தமிழ்ப் பல்கலைக்கழகம் அந்த ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழாக்கித் தொகுதிகளா வெளியிட்டிருக்கு. மீதி இருக்கிற கட்டுகள்? அதுவும் ஒரு படிக்காத அடுக்குதான். நம்ம அடுக்கு நேரமில்லாம காத்திருக்கு. அது, எழுத்தைத் தெரிஞ்ச ஆள் வரணும்னு காத்திருக்கு. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அந்த நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு விரிவான அட்டவணை போட்டவர் ஏ.சி. பர்னெல். தஞ்சாவூரில் நீதிபதியா இருந்த ஆங்கிலேயர். சென்னை அரசாங்கத்துக்காகச் செய்த வேலை அது. 1880-ஐ ஒட்டி லண்டனில் அச்சாச்சு. என்ன இருக்குன்னு உலகத்துக்குச் சொன்ன பட்டியல்.

அதே 1880. தஞ்சாவூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர், கும்பகோணம். அங்கே காவிரிக்கரையில் அரசுக் கல்லூரி. அந்த வருஷம்தான் அங்கே தமிழாசிரியரா சேர்ந்த இளைஞர் உ.வே. சாமிநாதையர். வயசு 25. நம்மில் பாதி பேரோட வயசு.

அவர் எப்படிப்பட்ட வாசகர்னு முதலில் புரிஞ்சுக்கணும். பாபநாசம் பக்கம் உத்தமதானபுரத்தில் பிறந்தவர். தமிழ் படிக்கணும்னு ஊர் ஊராப் போய், கடைசியில் அந்தக் காலத்தின் மிகப் பெரிய புலவரான மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். 1876-ல் ஆசிரியர் மறையும் வரை கூடவே இருந்தார். அதுக்கப்புறம் திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தல புராணங்கள், கம்பராமாயணம், இலக்கண நூல்கள்னு அவர் படிச்ச பட்டியலை அவரே எழுதியிருக்கார். இன்னைக்கு ஒரு தமிழ் எம்.ஏ. மாணவர் பார்த்தா மயக்கம் போட்டுருவார். படிச்சதில் பெரும்பகுதி மனப்பாடம் வேற.

அந்தச் சமயத்தில் கும்பகோணத்துக்கு முன்சீப்பா மாற்றலாகி வந்தவர் சேலம் இராமசாமி முதலியார். அவரைப் போய்ப் பார்க்கச் சொன்னது மடத்துத் தேசிகர். 1880 அக்டோபர் 21-ஆம் தேதி, வியாழக்கிழமை, போய்ப் பார்த்தார். தேதி, கிழமை வரைக்கும் அறுபது வருஷம் கழிச்சு எழுதுற அளவுக்கு அந்த நாள் அவருக்கு நின்னுருக்கு.

நடந்ததைச் சுருக்கமா சொல்றேன். முதலியார் யாரிடம் படிச்சீங்கன்னு கேட்கிறார். ஆசிரியர் பெயரைச் சொன்னா எல்லாருக்கும் ஒரு மரியாதை வரும், இவர் முகத்தில் ஒண்ணும் தெரியலை. என்னென்ன படிச்சீங்கன்னு கேட்கிறார். சாமிநாதையர் அடுக்கிக்கிட்டே போறார். அசைவில்லை. கடைசியில் அவர் சொன்னதோட சாரம்: இதையெல்லாம் படிச்சு என்ன பிரயோஜனம், இதுக்கெல்லாம் முந்தின நூல்கள் படிச்சதுண்டா? சாமிநாதையருக்குப் புரியலை, எதைக் கேட்கிறீங்கன்னு கேட்கிறார். முதலியார் பேர் சொல்றார். சீவக சிந்தாமணி. மணிமேகலை. சிலப்பதிகாரம். படிச்சிருக்கீங்களா?

இல்லை. பார்த்ததுகூட இல்லை. அவர் ஆசிரியரும் அதைப் பாடம் சொன்னதில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தலாம். நமக்கு இன்னைக்குச் சிலப்பதிகாரம் ஆறாவது பாடப்புத்தகத்திலேயே வந்துடுது. மெரினாவில் கண்ணகி சிலை நிக்குது. 1880-ல், தமிழ்நாட்டிலேயே மிகச் சிறந்த தமிழ்க் கல்வி பெற்ற ஒருத்தரின் படித்த பட்டியலிலும் அது இல்லை, படிக்க வேண்டிய பட்டியலிலும் இல்லை. சோம்பேறித்தனம் காரணமில்லை. அவரைவிட உழைச்ச வாசகரை எங்கே போய்த் தேடுவீங்க? அவர் இருந்த வட்டம் சைவ மடத்தைச் சுற்றியது. அந்த வட்டம் எதைப் படிப்புன்னு நினைச்சதோ, அது மொத்தத்தையும் படிச்சு முடிச்சுட்டார். சிந்தாமணி சமண காவியம், மணிமேகலை பௌத்த காவியம். வட்டத்துக்கு வெளியே இருந்ததால் அது பேரளவில்கூட உள்ளே வரலை. இன்னைக்கு மொழியில் சொன்னா ரெகமெண்டேஷன் என்ஜின் பிரச்சினை. நீங்க விரும்பினதைப் போலவே இன்னொண்ணு, அதைப் போல இன்னொண்ணு. பட்டியல் நீளுது, அகலம் கூடலை.

முதலியார் தன்னிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சாமிநாதையருக்குத் தமிழ் தெரியும், உரை இருக்கு. ஆனாலும் பல இடம் விளங்கலை. அதில் இருக்கிற சமண மதச் சொற்கள், கருத்துகள் அவருக்கு அந்நியம். மோடி எழுத்துக் கட்டு மாதிரிதான். கையில் இருக்கு, திறக்கலை.

சாவி அதே ஊரில் இருந்தது. கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் இருந்தன. அவங்க வீடுகளில் சிந்தாமணி பக்தியோட படிக்கப்படுற நூல். சாமிநாதையர் அவங்களைத் தேடிப் போய், கூட உட்கார்ந்து, சந்தேகம் கேட்டு, சமண நூல்களை இரவல் வாங்கிப் படிச்சார். தமிழ் வித்துவான்கள் யாருக்கும் விளங்காத பகுதியை, அந்த வீடுகளில் இருந்தவங்க வீட்டு விஷயம் மாதிரி விளக்கினாங்க. எனக்கு இந்தப் பகுதி படிக்கும்போது புல்லரிச்சுது. பர்னெல் மாதிரி ஒரு அட்டவணை போட்டிருந்தா "சிந்தாமணி, கிடைப்பது அரிது"ன்னு போட்டிருப்பாங்க. சில தெரு தள்ளி மக்கள் அதைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க.

இன்னொரு திருப்பமும் உண்டு. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதின உரையில், எங்கேருந்து எடுத்ததுன்னு சொல்லாத மேற்கோள்கள் ஏகப்பட்டது. சோர்ஸ் லிங்க் இல்லாத கமெண்ட் மாதிரி. அது எந்த நூல்னு தேடிப் போனதில்தான் பத்துப்பாட்டு, எட்டுத்தொகைன்னு சங்க நூல்கள் ஒவ்வொண்ணா வெளியே வந்தது. அந்தத் தேடலில் உதவின ஏடுகளில் சில, அவர் வருஷக்கணக்கா படிச்ச திருவாவடுதுறை மடத்திலேயே இருந்திருக்கு. அலமாரியில்தான் இருந்தது. கேட்கத் தெரிஞ்சாத்தானே எடுக்க முடியும்.

1887-ல் சீவக சிந்தாமணி அச்சாச்சு. அப்புறம் பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. இந்த வருஷங்களுக்கு நடுவில் அவர் ஊர் ஊராக ஏடு தேடி அலைஞ்ச கதை பெரிசு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு கேட்டுப் போனப்போ, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாச்சுன்னு பதில் வந்ததை எழுதியிருக்கார். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யலை. பழசானதை அப்படித்தான் மரியாதையா அனுப்பணும்னு நம்பிக்கை. யாரும் படிக்காத அடுக்குக்கு ஓலைக் காலத்தில் நடந்தது அதுதான். ஓலைக்கு ஆயுசு கம்மி. யாராவது திரும்பப் பிரதி எடுத்தாத்தான் அடுத்த தலைமுறைக்கு நிக்கும். படிக்கிறவர் இல்லைன்னா பிரதி எடுக்கிறவரும் இல்லை. நம்ம 43 காகிதப் புத்தகம் நாம படிக்கலைன்னாலும் எங்கேயோ ஒரு பிரதி இருக்கும். அவங்களுக்கு அந்த வசதி கிடையாது.

சரி, 1880-லிருந்து நம்ம காலத்துக்கு வருவோம். ரெண்டு மாசம் முன்னாடி தஞ்சாவூர்ப் பழைய வீடுகள் பற்றி ஒரு எபிசோடு போட்டிருந்தேன். திண்ணை, முற்றம், பத்தாயம் எல்லாம் வந்தது. அதுக்கு ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். நாகப்பட்டினம் பக்கம். கோபமா இல்லை, ரொம்ப இயல்பா கேட்டார்: "தம்பி, பத்தாயம் பத்திச் சொன்னது நல்லா இருந்துச்சு. அதை நிரப்புனவங்க பத்தி என்ன படிச்சிருக்கீங்க?"

அதைக் கேட்டுட்டு என் டெல்டா அலமாரியைப் பார்த்தேன். தி.ஜா., கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி, எம்.வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு. ஒவ்வொருத்தரும் பொன். கும்பகோணம், காவிரி, சங்கீதம், வெற்றிலை, காப்பி. எம்.வி.வி.யால் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையும் உண்டு. ஆனா வயல்? வயல் பெரும்பாலும் ஜன்னலுக்கு வெளியே பச்சையா இருக்கு. அதில் குனிஞ்சு நாற்று நடுறவங்க கண்ணிலிருந்து ஊர் எப்படித் தெரியும்னு சொல்ற புத்தகம் அந்தப் பக்கத்தில் குறைவு. டெல்டா இலக்கியம்னு யாராவது கேட்டா நானும் நீங்களும் சொல்ற பட்டியல் இதுவாத்தான் இருக்கும். ஒரு பெயர் இன்னொரு பெயரை இழுத்துக்கிட்டு வரும்.

அந்த வாய்ஸ் நோட்டிலிருந்து என் வரிசையில் சேர்ந்ததைச் சொல்றேன்.

முதலில் இந்திரா பார்த்தசாரதியின் "குருதிப்புனல்". 1975-ல் வந்தது, 1977-ல் சாகித்திய அகாதெமி விருது. பின்னணி கீழ்வெண்மணி. தெரியாதவங்களுக்கு: 1968 டிசம்பர் 25 ராத்திரி, அப்போதைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்கே, கூலி உயர்வு கேட்டுப் போராடின தலித் விவசாயக் கூலிகளின் குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. ஒரே குடிசையில் அடைக்கலம் புகுந்திருந்த 44 பேர் எரிஞ்சு செத்தாங்க. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வழக்கில் நிலக்கிழார்கள் மேல்முறையீட்டில் விடுதலை ஆனாங்க. நாவல் இதை தில்லியிலிருந்து ஊருக்கு வர படிச்ச ஆளின் பக்கத்திலிருந்து பார்க்குது. பண்ணையாரின் வன்முறைக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமா காட்டுறதா இடதுசாரி விமர்சகர்கள் அப்பவே கடுமையா எழுதினாங்க. கூலிப் பிரச்சினையை ஒருத்தரோட உளவியலா சுருக்கிட்டார்ங்கிற குற்றச்சாட்டு. பாதி படிச்சிருக்கேன், குற்றச்சாட்டில் நியாயம் இருக்குன்னுதான் இதுவரைக்கும் தோணுது. ஆனாலும் படிக்கணும்.

அடுத்து சோலை சுந்தரபெருமாளின் "செந்நெல்", 1999. அதே கீழ்வெண்மணி, ஆனா எழுதினவர் அந்த மண்ணோட பேச்சிலேயே எழுதுறவர். "குருதிப்புனல்" முடிச்ச கையோட இதை எடுக்கணும்னு வரிசையில் பக்கத்தில் வெச்சிருக்கேன். கியூவை இந்த ஒரு தடவை மீறுறேன். மீனா கந்தசாமி இதே சம்பவத்தை வெச்சு ஆங்கிலத்தில் 2014-ல் எழுதின "தி ஜிப்ஸி காடஸ்" மூணாவது. ஒரே ராத்திரியை மூணு பேர் மூணு விதமா எழுதினதை அடுத்தடுத்துப் படிச்சா, எது யாருக்குத் தெரிஞ்சது, எது தெரியலைன்னு பிடிபடும்னு நினைக்கிறேன்.

நாவல் வேண்டாம், தகவல் வேணும்னா ரெண்டு ஆய்வு நூல். ஆந்த்ரே பெத்தேயின் "காஸ்ட், கிளாஸ் அண்ட் பவர்", 1965. தஞ்சை மாவட்டத்தின் ஒரு கிராமத்தை ஸ்ரீபுரம்னு மாற்றுப்பெயரில் எழுதினது. அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி மூணையும் தனித்தனியா எடுத்து, நிலம் யார் கையில், ஊர் அதிகாரம் யார் கையில்னு காட்டுது. இன்னொண்ணு கேத்லீன் கோ எழுதின "ரூரல் சொசைட்டி இன் சவுத்ஈஸ்ட் இந்தியா", 1981. 1950-களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் தங்கிச் செய்த ஆய்வு. தடிமனா இருக்கு, நூலகத்தில் எடுத்துப் படிங்க. விலையைப் பார்த்தா ஈ.எம்.ஐ. போடணும்.

இதுக்காக தி.ஜா.வை அலமாரியிலிருந்து இறக்கிடுவேனா? மாட்டேன். "மோகமுள்" இப்பவும் ராத்திரி ஒரு அத்தியாயம் ஓடுது. சாமிநாதையரும் சிந்தாமணிக்கு அப்புறம் பிள்ளைத்தமிழைத் தூக்கிப் போடலை. ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றை ரெண்டு பாகமா எழுதினார். அதுவும் என் 43-ல் ஒண்ணு.

வரிசையில் ஒரு சின்ன மாற்றம் மட்டும் பண்ணியிருக்கேன். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் பென்சிலில், இது யார் சொல்லி வந்ததுன்னு எழுதுறேன். நண்பர், ரெவ்யூ, அமேசான், தள்ளுபடி, வாய்ஸ் நோட். 43-க்கும் எழுதினேன். 19-ல் "ஏற்கெனவே பிடிச்ச எழுத்தாளர்"னு வந்தது. 11 தள்ளுபடி. எனக்கு முன்பின் தெரியாதவங்க, என்னைப் போல இல்லாதவங்க கேட்டு வந்தது அஞ்சே அஞ்சு. அதில் மூணு அந்த ஒரே வாய்ஸ் நோட்டில் வந்தது. நீங்களும் உங்க அடுக்கில் எழுதிப் பாருங்க, பத்து நிமிஷ வேலை.

"என் சரித்திரம்" வாங்க முடியலைன்னா ப்ராஜெக்ட் மதுரையில் இலவசமா இருக்கு. மொத்தமும் படிக்க மலைப்பா இருந்தா, கும்பகோணத்தில் முதலியாரைச் சந்திக்கிற அத்தியாயத்தை மட்டும் தேடி எடுத்துப் படிங்க. கால் மணி நேரம்தான் ஆகும். அவர் சேர்த்த ஏடுகளும் புத்தகங்களும் சென்னை பெசன்ட் நகரில் அவர் பேரில் இருக்கிற நூலகத்தில் இருக்கு. கடற்கரைக்குப் போற வழியில் ஒரு நாள் இறங்கிப் பார்க்கலாம்.

வாய்ஸ் நோட் பாக்ஸ் திறந்தே இருக்கு. உங்க ஊரைப் பற்றி நான் படிக்காத ஒரு புத்தகத்தின் பேரை மட்டும் சொல்லுங்க, காரணம்கூட வேண்டாம். அடுத்த எபிசோடுக்குள்ள "செந்நெல்" முடிச்சிருப்பேன். அதையும் "குருதிப்புன"லையும் பக்கத்தில் வெச்சுப் பேசலாம்.